ஓடை ஏறும்போதும் வடியும்போதும்

ட்ரவுட் மீன் ஓடும் நீரை எதிர்த்து நின்றபடியே இரை தேடும். அதன் தலை நீர் வரும் திசையை நோக்கியே இருக்கும். மேலிருந்து அடித்துக்கொண்டு வரும் பூச்சிகளை, பக்கவாட்டில் சற்றே விலகிக் கவ்விவிட்டு மீண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடும். நீச்சலுக்குச் செலவாகும் சக்தியைவிட இரையில் கிடைக்கும் சக்தி கூடுதலாக இருந்தால்தான் அந்த இடத்தில் நிற்பது அதற்கு லாபம். ஓடையின் நீரளவு மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்க முடியாது. நேற்று வந்த இரை இன்று வராது. ட்ரவுட் பிடிப்பவர்கள் தூண்டிலை எடுக்கும் முன் ஓடையின் நீர்வரத்தைப் பார்ப்பது இதனால்தான்.

மற்றத் தூண்டில்காரர்களைவிட 'ஃப்ளை ஃபிஷிங்' செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்த முறையில் மண்புழுவோ மீன்துண்டோ மாட்டுவதில்லை. சிறு கொக்கியில் இறகு, முயல் ரோமம், பட்டு நூல் போன்றவற்றைச் சுற்றிக் கட்டி ஒரு பூச்சியின் உருவத்தைச் செய்கிறார்கள். அதுதான் ஃப்ளை. அதற்கு எடை மிகக் குறைவு என்பதால் தனியாக வீச முடியாது. கனமான தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் சுழற்றி, அந்தக் கயிற்றின் விசையில் ஃப்ளையைக் கொண்டுபோய் நீரில் இறக்குவார்கள். கயிற்றின் நுனியில் மெல்லிய நைலான் நரம்பு இருக்கும். நீரில் விழுந்த ஃப்ளை, உண்மைப் பூச்சியைப் போலவே ஓட்டத்தின் வேகத்தில் மிதந்து வரவேண்டும். கயிறு ஒரு வேகத்திலும் ஃப்ளை வேறு வேகத்திலும் இழுபட்டால் மீன் சந்தேகப்பட்டு ஒதுங்கிவிடும். கையால் வீசுவது பாதி வேலைதான். மீதித் தூரம் ஃப்ளையை மீனின் வாய்வரை கொண்டுசேர்ப்பது நீரோட்டம்.

ட்ரவுட் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும். ஐரோப்பாவைச் சேர்ந்த பழுப்பு ட்ரவுட்டும், பசிபிக் பெருங்கடலை ஒட்டிய ஆறுகளைச் சேர்ந்த வானவில் ட்ரவுட்டும் ஆங்கிலேயர் குடியேறிய குளிர் மலைகளுக்கெல்லாம் கொண்டுசெல்லப்பட்டன. இலங்கையின் நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளிலும் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியிலும் ட்ரவுட் வந்தது அப்படித்தான். நீர்வரத்துக்கும் இந்த மீனுக்கும் உள்ள உறவை எல்லாக் கோணத்திலும் பார்க்க ஏற்ற இடம், அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் மொன்டானா, வயோமிங் மாநிலங்கள் சந்திக்கும் யெல்லோஸ்டோன் வட்டாரம். பனி உருகி ஓடும் சோடா பியூட் ஓடையும் ஸ்லூ ஓடையும் அங்கே இருக்கின்றன. நிலத்தடி ஊற்றிலிருந்து பிறக்கும் ஓடைகள் பாரடைஸ் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. அணை மதகுக்குக் கீழே ஓடும் மேடிசன் ஆறும் தொலைவில் இல்லை. தாடைக்கு அடியில் சிவந்த கீற்று உள்ள கட்த்ரோட் என்ற ட்ரவுட் இனத்துக்கு இந்த வட்டாரமும் பூர்வீகம்.

கன அடி சொல்வதும் சொல்லாததும்

மேட்டூர் அணை நீர்வரத்துச் செய்தியில் வரும் 'விநாடிக்கு இத்தனை கன அடி' என்ற அளவைத்தான் அமெரிக்க ஓடைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். ஓடையின் அகலத்தையும் ஆழத்தையும் நீரின் வேகத்தையும் பெருக்கினால் இந்த எண் கிடைக்கும்: 20 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், விநாடிக்கு 2 அடி வேகம் என்றால் 60 கன அடி. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தன் முதல் நீரளவு நிலையத்தை 1889-இல் நியூ மெக்ஸிகோவின் எம்புடோ என்ற இடத்தில், ரியோ கிராண்டே ஆற்றில் அமைத்தது. இன்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான நிலையங்கள் உள்ளன. பெரும்பாலானவை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கின்றன. யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கலாம். பல நிலையங்களில் கருவி அளப்பது நீர்மட்டத்தை மட்டும்தான். அந்த மட்டத்துக்கு எத்தனை கன அடி என்பதை, ஊழியர்கள் அவ்வப்போது நேரில் வந்து ஆழத்தையும் வேகத்தையும் அளந்து போட்டுவைத்த கணக்கிலிருந்து வருவிக்கிறார்கள். பெருவெள்ளம் படுகையை அரித்துவிட்டால் அந்தக் கணக்கை மறுபடி போடவேண்டும்.

இந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 60 கன அடி என்பது தாண்டிக் குதிக்கக்கூடிய ஓடைக்குப் பெருவெள்ளம்; மேடிசன் போன்ற ஆற்றுக்கு அது வறட்சி. அதே நாளில் கடந்த பல ஆண்டுகளின் நடு அளவு என்ன என்று ஒப்பிட்டால் ஓரளவு பொருள் புரியும். அதைவிடவும் முக்கியம், கடந்த 2, 3 நாட்களில் கோடு மேலே போகிறதா கீழே வருகிறதா, எவ்வளவு வேகமாக என்பது. ஒரே 200 கன அடி, ஏறும் வழியில் இருக்கும்போது ஓர் ஓடை. வடியும் வழியில் இருக்கும்போது முற்றிலும் வேறு ஓடை. புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அனுபவசாலிகள் கோட்டின் போக்கைப் பார்க்கிறார்கள்.

மீன் நிற்கும் இடம்

ஓடையில் நீர் எங்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மேற்பரப்பை ஒட்டி வேகம் அதிகம். தரையை ஒட்டிய சில அங்குலத்தில் கூழாங்கற்களின் உராய்வால் வேகம் மிகவும் குறைந்துவிடும். பெரிய பாறையின் பின்புறத்திலும், சற்று முன்புறத்திலும்கூட, ஓட்டம் தணிந்திருக்கும். கரை ஓரத்தில், வேர்களுக்கு அடியில், வளைவின் உட்பக்கத்தில் நீர் மெதுவாகும். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிப்போகும் எல்லைக்கோடுதான் ட்ரவுட்டுக்கு மிகப் பிடித்த இடம்: உடல் மெதுவான நீரில் இளைப்பாறும்; இரையோ அருகில் உள்ள வேகமான நீரில் வந்துகொண்டே இருக்கும்.

நீர்வரத்து கூடும்போது இந்த எல்லைக்கோடுகள் இடம்பெயர்கின்றன. நடு ஓடையில் இருந்த பாறை மூழ்கி அதன் பின்னால் கொந்தளிப்பு மட்டும் மிஞ்சும். மீன்கள் அங்கிருந்து விலகிக் கரையை ஒட்டியும், புதிதாக நீர் ஏறிய புல்லோரத்திலும், மடுக்களின் பின்பகுதியிலும் ஒதுங்கும். நேற்று வரை காய்ந்த மணல்திட்டாக இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவு நீரும் அதில் ஒரு பெரிய மீனும் இருக்கலாம். வெள்ளத்தைப் பார்த்ததும் நடு ஓடைக்கு நீண்ட தூரம் வீச முயல்வது பலரும் செய்யும் பிழை. அந்த நேரத்தில் மீன் அவர்கள் காலடியில் இருக்கும். நீர் குறையும்போது நேர்மாறாக நடக்கிறது. ஓரங்கள் ஆழமிழந்துவிட, மீன்கள் மடுக்களுக்கும் நடு ஓட்டத்துக்கும், கொஞ்சமாவது நுரைத்து ஓடும் பாறைச் சரிவுகளுக்கும் திரும்புகின்றன.

இரையின் கதையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. மேஃப்ளை, காடிஸ், ஸ்டோன்ஃப்ளை ஆகிய பூச்சிகள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில், கற்களின் இடுக்கில் கழிப்பவை. அந்தப் பருவத்து உருவத்தை நிம்ஃப் என்கிறார்கள். நீர் ஏறத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தில் கற்கள் அசைந்து நிம்ஃப்கள் பெயர்ந்து மிதக்கும். கரை மண் கரைந்து மண்புழுக்கள் விழும். ட்ரவுட் அப்போது வெறியோடு தின்னும். ஆனால் அந்த வேளை நீடிப்பதில்லை. வேகமும் கலங்கலும் ஓர் எல்லையைத் தாண்டியதும் மீன் இரையை விட்டுவிட்டு ஒதுங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும்.

கலங்கிய நீரில் ட்ரவுட்டால் தூரத்தைப் பார்க்க முடியாது. தெளிந்த நீரில் சில அடி தள்ளி வரும் சிறு பூச்சியைக்கூடக் கண்டுகொள்ளும் மீனுக்கு, குழம்பிய நீரில் சில அங்குலமே பார்வை எல்லை. எனவே அந்த நாட்களில் பெரிய, கறுத்த, நீரை அசைத்துக்கொண்டு போகும் ஃப்ளைகளைக் கட்டுவார்கள். சிறு மீனைப் போன்ற உருவம் கொண்ட ஸ்ட்ரீமர்களும், மண்புழுவைப் போன்ற உருவங்களும் வெளியே வரும். உடலின் பக்கக்கோட்டால் நீரின் அதிர்வை உணரும் மீன், பார்க்க முடியாததையும் இப்படி அறிந்து கவ்வும். வேகமான நீரில் ஃப்ளை தரைக்கு இறங்கவேண்டும் என்பதால் நரம்பில் ஈயக்குண்டு சேர்ப்பார்கள்; மீன் கடித்ததைக் காட்ட மேலே ஒரு தக்கையும் கட்டுவார்கள். நீர் கலங்கியிருப்பதால் அன்று நரம்பு தடிமனாக இருந்தாலும் பாதகமில்லை.

பனி உருகும் பருவம்

யெல்லோஸ்டோன் வட்டாரத்து ஓடைகளின் ஆண்டுக் கணக்கை எழுதுவது மலைப்பனி. குளிர்காலம் முழுவதும் நீர்வரத்து தாழ்ந்து, ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஏப்ரலில் தாழ்வான சரிவுகளின் பனி உருகத் தொடங்கி, மே இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் வெள்ளம் உச்சத்தைத் தொடும். சோடா பியூட் ஓடையும் அது போய்ச் சேரும் லமார் ஆறும் பெரும்பாலான ஆண்டுகளில் ஜூலைத் தொடக்கம் வரை தூண்டிலுக்கு லாயக்கில்லாமல் குழம்பி ஓடும். அவற்றின் தலைப்பகுதியான அப்சரோகா மலைகளின் எரிமலை மண் எளிதில் கரையக்கூடியது என்பதால் பிரச்சினை ஜூலையோடு முடிவதும் இல்லை. ஆகஸ்டில் மலைமேல் ஒரு மணி நேரம் இடிமழை பெய்தால் போதும். கீழே லமார் கெட்டியான சேற்று நிறத்தில் வந்துசேரும். அது தெளிய ஒன்றிரண்டு நாளாவது ஆகும். பக்கத்திலேயே ஓடும் ஸ்லூ ஓடை அந்த அளவுக்குக் குழம்புவதில்லை, விரைவில் தெளிந்தும் விடும். உள்ளூர்க்காரர்கள் மழைக்கு மறுநாள் அங்கே போவது அதனால்தான்.

பனி உருகும் காலத்தில் ஒரே நாளுக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. பகல் வெயிலில் உச்சியில் உருகிய நீர் பள்ளத்தாக்கை வந்தடையச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் பல ஓடைகளில் மாலையிலிருந்து நள்ளிரவுக்குப் பின்வரை நீர் கூடி, அடுத்த நாள் முற்பகலில் குறைந்திருக்கும். பனிமலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வோர் ஓடைக்கும் நேரம் வேறுபடும். மேகமூட்டமான, குளிர்ந்த 2 நாட்கள் இடையில் வந்தால் உருகுதல் நின்று ஓடை சட்டென்று தெளியும். நீரளவுக் கோட்டைக் கவனிப்பவர்களுக்கு அந்த இடைவெளி ஒரு பரிசு.

உச்சத்தைத் தாண்டி வெள்ளம் வடியத் தொடங்கும் 2, 3 வாரங்களே ஆண்டின் சிறந்த காலம் என்பதில் சந்தேகமில்லை. நீர் பச்சைநிறம் கலந்த தெளிவுக்கு வந்திருக்கும். மீனுக்கு இரை தெரியும், ஆனால் கரையில் நிற்கும் மனிதர் அவ்வளவாகத் தெரியமாட்டார். நீரின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறும்போது மீனின் செரிமானம் விரைவாகிப் பசி கூடும். பூச்சிகள் சிறகு முளைத்து வெளிவரும் காலமும் இதையொட்டியே வருகிறது. அவற்றில் பெரியது சால்மன்ஃப்ளை. ஏறக்குறைய 2 அங்குல நீளம் இருக்கும். அதன் நிம்ஃப் 3, 4 ஆண்டுகள் நீருக்கடியில் வளர்ந்து, ஜூன் வாக்கில் கரைக்கு ஊர்ந்து வந்து தோலுரித்துப் பறக்கும். வில்லோப் புதர்களில் ஆரஞ்சு வயிறு கொண்ட இந்தப் பூச்சிகள் தொங்க, காற்றில் அவை நீரில் விழ, கரையை ஒட்டியே பெரிய ட்ரவுட்டுகள் காத்திருக்கும். வெள்ளம் நேரத்தோடு வடிந்த ஆண்டில் இந்தப் பூச்சிக்காலம் தூண்டில்காரர்களுக்குத் திருவிழா. பனி அதிகமாகி வெள்ளம் நீண்ட ஆண்டில் பூச்சிகள் சேற்று நீருக்கு மேலே வந்து போய்விடும், யாருக்கும் பயன்படாமல்.

வெள்ளம் மீனுக்குக் கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. ட்ரவுட் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். முட்டைக்கு உயிர்க்காற்று கிடைக்க, கற்களின் இடுக்கு வழியாக நீர் ஓடவேண்டும். ஆண்டுதோறும் வரும் வெள்ளம்தான் அந்த இடுக்குகளில் படிந்த வண்டலைக் கழுவிக் கொண்டுபோகிறது, புதிய மடுக்களை வெட்டுகிறது, விழுந்த மரங்களைக் கொண்டுவந்து மீனுக்கு ஒதுங்கிடம் அமைக்கிறது. வெள்ளம் எப்போது வருகிறது என்பதே கேள்வி. கட்த்ரோட்டும் வானவில் ட்ரவுட்டும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் முட்டையிடுபவை. பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். குளிர்காலத்தில் பருவம் தப்பி வரும் வெள்ளம் பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகளை உருட்டிச் சிதைக்கும். கோடையில் பிந்தி வரும் வெள்ளம், அப்போதுதான் பொரிந்து கரையோரம் நிற்கும் கட்த்ரோட் குஞ்சுகளை அடித்துச் செல்லும்.

2022 ஜூன் 13 அன்று யெல்லோஸ்டோனில் வந்தது வழக்கமான வெள்ளம் அல்ல. மலையில் தேங்கியிருந்த பனியின்மேல் வெதுவெதுப்பான மழை கொட்டியது. மழைநீரும் பனிநீரும் ஒன்றாக இறங்கின. கார்வின் ஸ்பிரிங்ஸ் நிலையத்தில் யெல்லோஸ்டோன் ஆறு 13.88 அடிக்கு ஏறியது. அதற்கு முந்தைய உச்சம் 1918-இல் பதிவான 11.5 அடிதான். சோடா பியூட் ஓடையையும் லமார் ஆற்றையும் ஒட்டிச் செல்லும் சாலை பல இடங்களில் அறுபட்டது, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவே மூடப்பட்டது. அந்த ஓடைகளில் பழகிய மடுக்கள் பல தூர்ந்து, புதிய இடங்களில் புதிய மடுக்கள் உருவாயின. பல ஆண்டு அனுபவமுள்ள வழிகாட்டிகளும் ஓடையை முதலிலிருந்து படிக்கவேண்டியதாயிற்று.

மெலிந்த ஓடை, சூடான நீர்

ஆகஸ்ட் வரும்போது ஓடை மெலிந்து கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். மீன்கள் எங்கே நிற்கின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். அவையும் அதே தெளிவோடு மனிதரைப் பார்க்கும். ஆழம் குறைந்தால் மேலிருந்து பாயும் மீன்கொத்தி, நாரை போன்ற பறவைகளின் அபாயம் கூடும் என்பதால் ட்ரவுட் நிழலசைவுக்கே ஓடி ஒளியும். இந்தப் பருவத்தில் மீனின் பின்புறமாக, அதாவது கீழோட்டத்திலிருந்து மேல்நோக்கி, குனிந்தும் சில நேரம் முழந்தாளிட்டும் நெருங்கவேண்டும். ஜூனில் 0.2 மில்லிமீட்டர் நரம்பு போதும், இப்போது 0.13 மில்லிமீட்டருக்கு இறங்கி, நரம்பின் நீளத்தையும் 12 அடிக்கு மேல் கூட்டுவார்கள். மெதுவாக ஓடும் நீரில் மீனுக்கு ஃப்ளையைச் சோதித்துப் பார்க்க நேரம் அதிகம். கயிற்றின் சிறு இழுவையும் அதற்குத் தெரிந்துவிடும். இருந்தும் இந்தப் பருவத்துக்கு ஒரு வரம் உண்டு. புல்வெளியிலிருந்து காற்றில் நீருக்குள் விழும் வெட்டுக்கிளிகள்! பிற்பகல் காற்று எழும்போது கரையோரம் வெட்டுக்கிளி உருவ ஃப்ளை ஒன்றைப் போட்டால், காலை முழுவதும் அசையாத மீன்கூட மேலே வரும்.

நீர் குறைவதால் வரும் உண்மையான ஆபத்து வெப்பம். ஆழமில்லாத நீர் வெயிலில் விரைவில் சூடாகும். கடல்மட்ட அழுத்தத்தில், 10 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் நீர் சுமார் 11.3 மில்லிகிராம் உயிர்க்காற்றைத் தாங்கும். 20 டிகிரியில் 9.1 மில்லிகிராம்தான். மலை உயரத்தில் இது இன்னும் குறைவு. சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் உயிர்க்காற்று கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. ட்ரவுட்டுக்கு ஏற்றது ஏறக்குறைய 10 முதல் 16 டிகிரி வரை. 20 டிகிரியை நெருங்கும்போது அது திணறத் தொடங்கும்; 25 டிகிரி நீடித்தால் செத்துவிடும். யெல்லோஸ்டோன் பூங்காவில் பிடித்த கட்த்ரோட்டை விட்டுவிடவேண்டும் என்பது விதி. சூடான நீரில் போராடிக் களைத்த மீனை எவ்வளவு மென்மையாக விட்டாலும் அது பிறகு செத்துப்போகக்கூடும். எனவே 20 டிகிரியில் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்ல தூண்டில்காரர்களின் நடைமுறை.

மொன்டானாவில் அரசே இதில் தலையிடுகிறது. நீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 22.8 செல்சியஸை எட்டினால், அந்தப் பகுதியில் பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கப்படலாம். இதை 'ஹூட் அவுல்' தடை என்பார்கள். காலையில், இரவின் குளிர் மிச்சமிருக்கும் நேரத்தில் மட்டும் மீன் பிடிக்கலாம். 2016 ஆகஸ்டில் நிலைமை இன்னும் மோசமானது. யெல்லோஸ்டோன் ஆறு குறைந்து சூடேறியிருந்த வேளையில், மீனின் சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி பரவியது. வெள்ளைமீன் என்ற உள்ளூர் இனம் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது. ட்ரவுட்டுகளும் சில மாண்டன. கார்டினர் முதல் லாரல் வரை 183 மைல் ஆற்றையும் அதன் கிளை ஓடைகளையும் மாநிலம் எல்லா வகைப் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கும் மூடியது. தூண்டில்காரர்கள், படகுக்காரர்கள், விடுதிகள் எல்லோருக்கும் அந்தக் கோடை கைவிட்டுப்போனது. ஆனாலும் அந்த முடிவு சரியானதே.

ஊற்றும் மதகும்

லிவிங்ஸ்டன் ஊருக்குத் தெற்கே பாரடைஸ் பள்ளத்தாக்கில் உள்ள ஆர்ம்ஸ்ட்ராங், டெப்யூ, நெல்சன் ஆகிய ஊற்றோடைகள் இந்தப் பருவச் சுழலுக்கு வெளியே நிற்பவை. மலையில் பெய்ததும் உருகியதும் நிலத்துக்குள் இறங்கி, கூழாங்கல் அடுக்குகள் வழியாக மெதுவாக நகர்ந்து, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவிலும் ஒரே குளிர்ச்சியிலும் வெளியே வருகிறது. மற்ற ஓடைகள் சேறாக ஓடும் ஜூனிலும், பனி உறைந்த பிப்ரவரியிலும் இங்கே தெளிந்த நீரில் பூச்சிகள் பறக்கும். தனியார் பண்ணைகளுக்குள் ஓடுவதால் நாள்கட்டணம் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. ஆண்டு முழுவதும் நிதானமான ஓட்டத்தில் இரை பார்த்துப் பழகிய இந்த மீன்களை ஏமாற்றுவது கடினம். ஊற்றோடைகளுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. பழைய பாசன வாய்க்கால்களிலிருந்து கசியும் நீரும் மேற்கு மாநிலங்களின் பல பள்ளத்தாக்குகளில் நிலத்தடி நீரை நிரப்பிவந்தது. நீரைச் சிக்கனமாக்கத் தெளிப்புப் பாசனத்துக்கு மாறினால் அந்தக் கசிவு நின்று, ஊற்றும் மெலியலாம்.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் பருவத்தைத் தீர்மானிப்பது மதகு. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து குளிர்ந்த, தெளிந்த நீரைச் சீராக விட்டால் ட்ரவுட்டுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் கேடு. மேடிசன் ஆற்றின் ஹெப்கன் அணையில் 2021 நவம்பர் 30 அன்று மதகின் ஒரு பாகம் பழுதடைந்ததால், விநாடிக்கு 648 கன அடியாக இருந்த நீர் மிகக் குறுகிய நேரத்தில் 248 கன அடியாக விழுந்தது. பழுப்பு ட்ரவுட்டின் முட்டைகள் கூழாங்கல்லுக்குள் இருந்த மாதம் அது. ஓரக் கால்வாய்களில் மீன்கள் குட்டைகளில் சிக்கிக்கொள்ள, சுற்றுவட்டாரத்து மக்கள் வாளிகளோடு வந்து அவற்றை அள்ளி ஆற்றில் விட்டார்கள். ஏறக்குறைய 2 நாட்களுக்குப் பிறகே நீர்வரத்து திரும்பியது.

மின்தேவைக்கேற்பத் தினமும் நீரைக் கூட்டிக் குறைக்கும் அணைகளில் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பல பூச்சிகள் நீர்விளிம்பை ஒட்டிய கற்களில் முட்டையிடுகின்றன. சில மணி நேரத்தில் நீர் இறங்கினால் முட்டைகள் காய்ந்துவிடும். கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில் 2018 முதல், மே முதல் ஆகஸ்ட் வரை வார இறுதிகளில் மட்டும் நீரைத் தாழ்ந்த, மாறாத அளவில் வைத்துச் சோதித்தார்கள். மின்தேவை குறைந்த நாட்கள் என்பதால் பெரிய இழப்பில்லை. காடிஸ் பூச்சிகள் அங்கே குறிப்பிடத்தக்க அளவு பெருகின.

ஓடைக்குள் இறங்கி நின்று தூண்டில் போடுபவர்களுக்கு நீர்வரத்து உயிர்ப் பிரச்சினையும்கூட. நீரளவுப் பணியாளர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: அடியில் அளந்த ஆழத்தையும், விநாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தையும் பெருக்கினால் 10-ஐ எட்டும் இடத்தில் இறங்கக் கூடாது. 3 அடி ஆழமும் மூன்றரை அடி வேகமும் சேர்ந்தாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. இடுப்பளவுகூட இல்லாத நீர்தானே என்று இறங்கியவர்களை ஓடை இழுத்துச் சென்றிருக்கிறது. வெள்ளம் ஏறும் நாளில் கரையில் நின்றே பிடிக்கலாம். மீனும் கரையோரம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் நீர் யாருக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பனி உருகி வரும் பல ஆறுகளின் வெள்ளக்காலம், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால், 1 முதல் 4 வாரம் முன்னதாக வருகிறது. வெள்ளம் முந்தினால் கோடையின் மெலிந்த காலம் நீளும். அதே கோடையில்தான் வைக்கோல் புல்லுக்கும் குதிரைமசாலுக்கும் பாசனம் தேவை. முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது அங்குள்ள நீர்ச்சட்டம். 19-ஆம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டியவரின் வாரிசு, தன் பங்கை முழுதாக எடுத்து ஓடையை வற்றவிட்டாலும் சட்டப்படி தவறில்லை. மொன்டானா 1969-இல் 12 சிறந்த ட்ரவுட் ஆறுகளில் மீனுக்காக ஓடையிலேயே நீர் விடும் உரிமையைச் சட்டமாக்கியது. ஆனால் அந்த உரிமை வரிசையில் பிந்தியது. வறட்சியில் முந்தியவர்கள் எடுத்தது போக மிஞ்சியதே மீனுக்கு. ஓடையில் எவ்வளவு நீர் இருந்தால் போதும் என்பதற்கு டொனால்ட் டென்னன்ட் 1976-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆண்டுச் சராசரியில் 10 விழுக்காடு இருந்தால் மீன் உயிர் தரிக்கலாம், 30 விழுக்காடாவது இருந்தால் ஓரளவு நன்றாக வாழலாம் என்பது அதன் சாரம். ஆகஸ்டில் பல சிற்றோடைகள் அந்த 10 விழுக்காட்டையும் தொடுவதில்லை.

இதில் பயன் தந்திருக்கும் வழி, பண்ணையாளரிடமிருந்து நீரைக் குத்தகைக்கு எடுத்து ஓடையில் விடுவது. மொன்டானாவில் 1989 முதல் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பாரடைஸ் பள்ளத்தாக்கில் யெல்லோஸ்டோன் ஆற்றில் சேரும் மில் ஓடை, சீடர் ஓடை போன்றவற்றில் கட்த்ரோட் ஜூன், ஜூலையில் ஏறி வந்து முட்டையிடும். ஆகஸ்டில் குஞ்சுகள் ஆற்றுக்கு இறங்கவேண்டிய வேளையில் வாய்க்கால்கள் நீரை உறிஞ்சிவிட, அவை வழியிலேயே காய்ந்து சாகும். அங்கே குத்தகை மூலம் ஓடைக்கு நீர் மீட்கப்பட்டது. மில் ஓடையில் குஞ்சுகள் இறங்கும் நாட்களில் பாசன மதகுகளைச் சிறிது காலம் மூடி, முழு ஓட்டத்தையும் ஆறு வரை விடவும் பண்ணையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். யெல்லோஸ்டோன் ஆற்றின் கட்த்ரோட்டைக் காக்க இதைவிட மலிவான வழி வேறில்லை. குத்தகைக்கு வராத சிற்றோடைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கும் இது விரிவாக்கப்படவேண்டும்.